ஊசி உள்ளே இருந்த நேரம்

போன மாதம் முட்டிவலிக்காக ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். அங்கே டெக்னீஷியன்களுக்கெல்லாம் தலைவனாக இருக்கும் சுரேஷ், நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னோடு வேலை பார்த்தவன். வாங்க சார், ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அழைத்துப் போனான். அந்தப் பக்கம் சி.டி. மெஷினில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். நுரையீரலில் ஏதோ கட்டி. ஊசி போட்டு அதிலிருந்து துளி சதை எடுக்கப்போகிறார்கள். டாக்டர் ஊசியை ஒரு விரற்கடை இறக்குவார், வெளியே வந்து திரையில் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போவார். ஊசி முனை எங்கே, கட்டி எங்கே, ரத்தக் குழாய் எங்கே என்பதெல்லாம் அச்சடித்த மாதிரி தெரிந்தது. நடுவில் அந்த டாக்டர் ஒரு வாய் காபி கூடக் குடித்தார்.

"இந்த மெஷின் இல்லாத காலத்துல நீங்கல்லாம் இத எப்படி சார் பண்ணீங்க?" என்று சுரேஷ் கேட்டான்.

"பயந்துக்கினே பண்ணோம்" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது நேரமில்லை, எனக்கும் முட்டி வலித்தது. அதனால் அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மந்தைவெளிக்காரன். பெயர் தேவராஜ். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்றால் நெஞ்சழுத்தம் உள்ளவன் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கடைசி வரைக்கும் ரத்தத்தைக் கண்டால் நாக்கு வறண்டுபோகும். எக்ஸ்ரே வேலையில் ரத்தம் இருக்காது என்று யாரோ சொல்லித்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் படிப்பை முடித்தேன். படம் கழுவும் இருட்டறையில் தடவித் தடவி நடக்கவும், மருந்துத் தண்ணீரில் கைவிட்டுக் கைவிட்டு விரல் நகம் பழுப்பேறவும் அங்கே பழகினேன். பெண் பார்க்கப் போனபோது என் மேல் அடித்த புளிச்ச வாடையை வைத்து, நான் ஊறுகாய் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று என் மாமனார் முடிவு கட்டிவிட்டாராம்.

அதற்குப் பிறகு லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த நர்ஸிங் ஹோமில் வேலை கிடைத்தது. பெரிய வீட்டை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். எக்ஸ்ரே பிரிவு பின்கட்டில் இருந்தது. அதற்கு டாக்டர் வைதேகி அம்மாதான் தலைமை. ஐம்பதை நெருங்கிய வயது, மெலிந்த தேகம், ஒன்பது கஜம் இல்லை, சாதாரண நூல் புடவைதான், அதன் மேல் வெள்ளைக் கோட்டு. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, வெளிநாடு போய் படித்துவிட்டு, மறுபடி மயிலாப்பூருக்கே வந்தவர். நான் அங்கிருந்த வருஷங்களில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதுதான் எங்களுக்கு இன்னும் பயம்.

டாக்டரம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பொய் சொல்ல மாட்டார். நோயாளி கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார், கேட்காவிட்டால் தானாகச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. வியாதி யாருக்கோ, பேச்சு அவர் அண்ணனோடு, தம்பியோடு, மாப்பிள்ளையோடு என்றுதான் நடக்கும். புற்றுநோய் என்ற வார்த்தையை நோயாளி காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் குடும்பத்தின் முதல் வேலை. கட்டி என்பார்கள், நீர் கோத்திருக்கிறது என்பார்கள், சூடு என்பார்கள். நாங்களும் அதற்கு ஒத்து ஊதுவோம். ஊர் வழக்கமே அப்படித்தான் இருந்தது.

இப்போது ஊசி விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரலில் இருக்கும் நிழலை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஊசியால் தொடும் வித்தையை டாக்டரம்மா வெளிநாட்டில் கற்றிருந்தார். அங்கே அதை டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டியில் பளிச்சென்று பார்க்கலாமாம். எங்களிடம் இருந்தது பழைய ஸ்கிரீனிங் மேஜை. மேஜைக்கு அடியிலிருந்து கதிர் வரும், நோயாளியின் உடம்பைத் தாண்டி மேலே இருக்கும் கண்ணாடித் தகட்டில் விழும், தகடு லேசாகப் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சை அவ்வளவு மங்கல். அறையில் துளி வெளிச்சம் இருந்தாலும் தெரியாது. நம் கண்ணும் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அதனால் ஊசி போடும் நாளில் டாக்டரம்மாவும் நானும் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிவோம். சிவப்புக் கண்ணாடிக்குள் இருந்தால் கண் இருட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அவர் அந்தக் கண்ணாடியோடு நடையில் போகும்போது வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவர் சட்டை செய்யமாட்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் காபி குடிப்பார், பேப்பர் பார்ப்பார்.

பிறகு அறைக்குள் போய் விளக்கை அணைத்ததும் கண்ணாடியைக் கழற்றுவோம். கதவுக்கு வெளியே மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும். அது எரிந்தால் யாரும் வரக்கூடாது. ஆனால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஊசி போடும்போது நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆக்ஸிஜனோடு ஆட்கள் ஓடி வரவேண்டும், அப்போது தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பதிலுக்கு வெளியே மன்னாரு காவல் நிற்பான். அவன் எங்கள் அட்டெண்டர்.

சிவசுப்பு எங்களிடம் வந்தது எழுபதுகளின் ஆரம்பத்தில். பாண்டி பஜாரில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்கள். சிவசுப்பு அண்ணன். நாற்பத்தைந்து வயது இருக்கும், நல்ல ஆகிருதி, புடவை விரித்துப் போட்டுப் போட்டு வலுத்த கை. பல மாதமாக இருமல். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில், முதுகுப் பக்கமாக, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு நிழல். மனிதர் பீடி சிகரெட் பிடிக்கிறவர் வேறு. அது புற்றுநோயாக இருந்தால் உடனே நெஞ்சைத் திறந்து அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்தாக வேண்டும். காசமாக இருந்தால் கத்தி தேவையில்லை, ஊசி மருந்தும் மாத்திரையும் போதும். எது என்று தெரிய வேண்டுமானால் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்.

தம்பி மாரியப்பன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றான். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு வெளிறிப்போய், அண்ணனுக்கு இது தெரியவே கூடாது, தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்று எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கெஞ்சினான். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, அதை எடுக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தான். அண்ணன் மனைவி பகவதியிடமும் அதையேதான் சொன்னான். டாக்டரம்மா அவனைப் பார்த்து, "அவர் என்னைக் கேட்டா நான் சொல்லிடுவேன், தெரியறதா?" என்றார். சிவசுப்பு கேட்கவில்லை. பெரிய கடைக்கு முதலாளி, ஆனால் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்தார்.

மாரியப்பன் இன்னொரு பொய்யும் சொல்லியிருந்தான். அது எங்களுக்கு அப்போது தெரியாது. ஊசிக்கு டாக்டரம்மா குறித்தது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பகவதி கொழுந்தனிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். டாக்டரம்மாவுக்கு மத்தியானம் வேறு ஆஸ்பத்திரியில் வேலை, முடியாது என்றுவிட்டார். மாரியப்பன் அதை மதினியிடம் போய்ச் சொல்ல தைரியம் இல்லாமல், பன்னிரண்டுக்கு மேல்தான் ஆரம்பிப்பார்கள் என்று சொல்லிவைத்துவிட்டான். நல்ல எண்ணம்தான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த பிரியத்துக்கு அளவில்லை.

அன்று காலை சிவசுப்புவுக்கு இருமல் அடங்க மருந்து கொடுத்து, முதுகில் ஊதா மையால் குறி வைத்து, மேஜையில் குப்புறப் படுக்க வைத்தோம். பெரிய உடம்பு, மேஜை முனகியது. அசையக்கூடாது, இருமக்கூடாது, நான் 'இப்போ' என்றால் மூச்சை இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும், இழுத்துப் பிடிக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். அவர் தலையை ஆட்டினார். விளக்கை அணைத்தேன்.

அந்த இருட்டை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? உங்கள் கையை உங்கள் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்தாலும் தெரியாது. ஈய ஏப்ரன் தோளை அழுத்தும். ஏ.சி. கிடையாது, மின்விசிறியைப் போட்டால் துணி ஆடும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். வேர்வையும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாசனை. டாக்டரம்மா காலால் பெடலை அழுத்துவார், மெஷின் உறுமும், தகட்டில் பச்சை நிறத்தில் விலா எலும்புகள் வரும், நடுவில் அந்த நிழல் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். காலை எடுத்துவிட்டால் மறுபடி இருட்டு. அவர் ஊசியைக் கையால் பிடிக்க மாட்டார். கை கதிரில் படாமல் இருக்க ஒரு நீளமான கிடுக்கியால் பிடிப்பார். "இப்போ" என்றார். சிவசுப்புவின் முதுகு நின்றது. ஊசி இறங்கியது. தோல், சதை, பிறகு நுரையீரல் மேல் இருக்கும் உறை. அந்த உறையைத் தாண்டும்போது மட்டும் ஒரு சின்ன நெருடல் கைக்குத் தெரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது தாண்டியாயிற்று. ஊசி நுரையீரலுக்குள் இருந்தது. இன்னும் கொஞ்சம் போக வேண்டும்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது.

பின்கட்டு நடையின் கோடி திறந்தவெளி. பட்டப்பகல் வெயில் அப்படியே உள்ளே அடித்தது. என் கண்ணில் ஊசி குத்தினது மாதிரி இருந்தது. கதவில் ஒரு பெண் நின்றார், கையில் திருநீற்றுப் பொட்டலம். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், டாக்டரம்மாவும்தான். "தேவராஜ், கதவு" என்றார் அவர். நான் பாய்ந்து சாத்தினேன். ஆனால் அந்தப் பெண் அதற்குள் உள்ளே வந்துவிட்டார்.

பின்னால் விசாரித்ததில் தெரிந்தது இது. பகவதி கோயிலுக்குப் போய்விட்டு, பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் திருநீறு பூசிவிடலாம் என்று வந்திருக்கிறார். வெளியே உட்கார்ந்திருந்த மாரியப்பனுக்குப் பயத்தில் வயிறு புரட்டி, மன்னாரு அவனைக் குழாயடிக்குக் கூட்டிப் போயிருந்தான். "அந்தாளு வாந்தி எட்த்துக்கினு கீறாரு சார், நான் இன்னா பண்றது?" என்று பிற்பாடு மன்னாரு என்னிடம் அழாத குறையாகக் கேட்டான். யாரையும் காணாமல் பகவதி தேடியிருக்கிறார். நடையில் ஒரு கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்திருக்கிறது. அவர்கள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால்தான் சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியும். ஆஸ்பத்திரியிலும் பூசை அறை வைத்திருக்கிறார்கள், அவர் அங்கே இருப்பார் என்று நினைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊசி ஒரு மனிதனின் நுரையீரலுக்குள் இருக்கிறது. ஊசி போட்டவருக்கும், பக்கத்தில் இருப்பவனுக்கும் கண் தெரியவில்லை. பெடலை அழுத்தினால் மெஷின் உறுமுகிறது, தகட்டில் ஒன்றும் இல்லை, ஒரே கறுப்பு. வெளிச்சம் பட்ட கண் மறுபடி பழக வேண்டும். மேஜையில் இருப்பவரோ, ஏதோ தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். வளையல் சத்தத்தைக் கேட்டதும், "பகவதியா?" என்று தலையைத் தூக்கினார். முதுகு எழும்பியது.

நான் இரண்டு கையாலும் அவர் தோளை அமுக்கினேன்.

டாக்டரம்மா கிடுக்கியை எடுத்துவிட்டார், அந்தச் சத்தம் கேட்டது. ஊசியைச் சும்மா விட்டுவிட்டார். பிடித்துக்கொண்டிருந்தால் நுரையீரல் மூச்சோடு நகரும், ஊசி நகராது, கிழித்துவிடும். விட்டுவிட்டால் ஊசியும் மூச்சோடு சேர்ந்து ஆடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இருட்டில் ஊசி தன்பாட்டுக்கு ஒரு மனிதன் முதுகில் ஆடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, ஒன்றும் தெரியாத கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

பிறகு அவர் பேசினார். எப்போதும் பேசுவதைவிட மெதுவாக.

"சிவசுப்பு, நான் சொல்றதைக் கேளுங்கோ. பேசப்படாது. உங்க நுரையீரலுக்குள்ள ஒரு ஊசி இருக்கு. நீங்க எழுந்தாலோ இருமினாலோ அது கிழிச்சுடும். தண்ணி எடுக்கறதுக்கு இல்லை இது. உள்ள ஒரு கட்டி இருக்கு, அது புத்துநோயா இல்லையான்னு பாக்கறதுக்கு."

அறையில் வளையல் சத்தம் நின்றது.

"எனக்கு இப்போ கண்ணு தெரியலை. சித்த நேரத்துல சரியாயிடும். ஊசியை இப்பவே எடுத்துட முடியும். எடுத்தா இன்னொரு நாள் இன்னொரு தரம் குத்தணும், அது இதைவிட ஆபத்து. இல்லேன்னா இப்படியே காத்திருக்கலாம், அதுலயும் ஆபத்து இருக்கு. நீங்கதான் சொல்லணும். காத்திருக்கலாம்னா தேவராஜ் கையை அமுக்குங்கோ."

அந்த மனிதர் தன் வியாதியில் எடுத்த முதல் முடிவு அது. அவர் யோசித்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எடுக்கச் சொல்லிவிடுங்கள், எடுக்கச் சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மேஜை ஓரத்தில் அவர் கை என் கையைத் தேடியது. பிடித்தது. அமுக்கியது. எனக்கு விரல் எலும்பு வலித்தது.

காத்திருந்தோம். அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. சுவரோரம் பகவதி நிற்பது தெரிந்தது, ஆனால் அவர் மூச்சு கேட்கவில்லை. அவர் மயங்கி விழுந்தால் மேஜை மேல்தான் விழுவார் என்று எனக்குப் புதுப் பயம் பிடித்தது. அப்போது அவர் குரல் வந்தது, அழுகை இல்லாமல், ரொம்பச் சாதாரணமாக.

"நான் பேசலாமாம்மா?"

"நீங்க பேசலாம். அவர் பேசப்படாது."

"ஏங்க, நான் இங்கனதான் நிக்கேன். அசையாதீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "செவப்பு லைட்டைப் பாத்து பூசை ரூம்னு நெனச்சுட்டேன். செருப்பைக் கூட வெளிய கழத்திப் போட்டுட்டு வந்தேன்."

என் கைக்குக் கீழே சிவசுப்புவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை, சிரிப்பு. வாயை மேஜைத் துணியில் புதைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார். சிரிப்பும் இருமலும் நுரையீரலுக்கு ஒன்றுதான்.

"சிரிக்க வெக்காதீங்கோ" என்றார் டாக்டரம்மா. பகவதி உடனே வாயை மூடிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியது. ஆனால் அது இருமலைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தது. எனக்குத் தெரிந்தது. தொண்டையில் ஒரு விக்கல் மாதிரி எழும்பி, முதுகுச் சதை இறுகி, விலா விரிந்து நிற்கிறது. என் உள்ளங்கைக்கு அடியில் இருமல் வந்துகொண்டிருக்கிறது, ஊசி எங்கேயோ ஒரு சாண் தள்ளி நிற்கிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நான் தைரியசாலியாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த மனிதர் விழுங்கினார். மறுபடி எழும்பியது, மறுபடி விழுங்கினார். அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீர் என் மணிக்கட்டில் பட்டது. அத்தனை பெரிய உடம்பு தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டு கிடந்ததை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை.

மெஷின் உறுமியது. கறுப்பு. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறுமியது. இந்தத் தடவை தகட்டின் நடுவில் பாசி படிந்த தண்ணீர் மாதிரி ஏதோ அசைந்தது. அதற்கடுத்த தடவை விலா எலும்பு தெரிந்தது, குறுக்கே ஊசி. டாக்டரம்மா கிடுக்கியை எடுத்தார். "இப்போ" என்றார். ஊசி முனை நிழலின் ஓரத்தைத் தொட்டது. அவர் ஊசியை மெல்ல அசைத்துப் பார்த்தார், நிழலும் கூடவே அசைந்தது. அப்படி அசைந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பீச்சாங்குழலை இழுத்தார். ஊசியை உருவினார்.

"ஆயிடுத்து. இனிமே இருமுங்கோ."

அவர் இருமினார். நான் விளக்கைப் போட்டேன். கைக்குட்டையில் கொஞ்சம் ரத்தம் வந்தது, எனக்குத் தலை சுற்றியது. பகவதி வந்து, அவ்வளவு கூத்துக்கும் நடுவில் கசங்காமல் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் திருநீறு பூசினார். கண்ணாடித் துண்டுகளில் தடவிய துளியை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வெளியே போனார். வேலை முடிந்துவிட்டதை மறந்து, சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் படம் எடுத்ததில் நுரையீரலைச் சுற்றி மெல்லிசாகக் காற்று கசிந்திருந்தது. அது பெருகினால் மூச்சு நின்றுவிடும். நான் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. மறுநாள் காலை எடுத்த படத்தில் காற்று குறைந்திருந்தது.

ரிப்போர்ட் வந்தது, அதைக் கேட்க மாரியப்பன் மட்டும் வந்திருந்தான். புற்றுநோய் இல்லை. காசக் கிருமி இருந்தது. காசம் என்று கேட்டு ஒரு மனிதன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மாரியப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ரிக்‌ஷா பிடித்து தி. நகருக்கு ஓடினான்.

சில நாள் கழித்து அவன் திரும்பி வந்தபோது ஆளே பாதியாகியிருந்தான்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்காக சார். அண்ணன் ஊசியும் போட மாட்டேங்காவ, மாத்திரையும் திங்க மாட்டேங்காவ. சாவப்போறவனுக்கு எதுக்குலே மருந்துன்னு கேக்காவ. மைனி ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. நான் நெசத்தைத்தான் சொல்லுதேன் சார்."

அவன் சொன்னது நிஜம். ஆனால் அவன் வாயிலிருந்து அது வந்ததுதான் சங்கடம். நீர் கோத்திருக்கிறது என்று சொன்னதும் அவன்தான், பன்னிரண்டு மணி என்று சொன்னதும் அவன்தான். இப்போது வந்து புற்றுநோய் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? கடைச் சாவியை சிவசுப்பு தம்பியிடமே கொடுத்துவிட்டாராம். பெரிய பெண்ணுக்கு வரன் பார்ப்பதை அவசரப்படுத்துகிறாராம். காசத்தை அப்படியே விட்டால் அதுவும் ஆளைக் கொண்டுபோய்விடும். இல்லாத வியாதிக்காக இருக்கிற வியாதியில் சாகப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பயமாகவும் இருந்தது.

டாக்டரம்மா கேட்டுவிட்டு, இருவரையும் அழைத்து வரச் சொன்னார். மறுநாள் வந்தார்கள். சிவசுப்பு ஒரு சுற்று இளைத்திருந்தார். டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார், ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னார். நானும் என் பங்குக்கு, அம்மா சொல்றது நிஜம்தான் என்றேன். சிவசுப்பு எதையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும் என்றார். அது நம்பியவர் பேச்சு இல்லை.

பகவதிதான் நிமிர்ந்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வெளிச்சத்துல எல்லாரும் எங்களுக்கு நல்லதையேதான் சொல்லுதாக. அன்னைக்கு இருட்டுக்குள்ள நீங்க சொன்னது ஒண்ணுதான் நெசம். அங்கன வச்சு ஒரு தடவ சொல்லுங்க."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் அவர் இடம் கொடுக்கிறவர் இல்லை, அறிவுக்குப் பொருந்தாத ஒன்றைக் கேட்டால் அவருக்கு உதடு இறுகும். அன்று அவர் எழுந்து ஸ்கிரீனிங் அறைக்கு நடந்தார். அவர்கள் இருவரும் பின்னால் போனார்கள். பகவதி வாசலில் செருப்பைக் கழற்றினார். சிவசுப்புவும் கழற்றினார். நான் கடைசியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டாக்டரம்மா தலையசைத்ததும் விளக்கை அணைத்தேன்.

இருட்டில் அதே மெதுவான குரல்.

"சிவசுப்பு, உங்களுக்குப் புத்துநோய் இல்லை. காசம். ஊசி போட்டுண்டு, மாத்திரையை நிறுத்தாம ஒன்றரை வருஷம் சாப்பிட்டா பொழைச்சுப்பேள். சாப்பிடலைன்னா போயிடுவேள்."

சிவசுப்புவின் மூச்சு எனக்குக் கேட்டது, அன்று கேட்ட மாதிரியே, பெரிய உடம்பின் கனத்த மூச்சு. அது ஒரு தடவை நின்று, பிறகு வந்தது. அதுவரை டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்காத மனிதர் அப்போது கேட்டார்.

"எம் பிள்ளைகளுக்கு ஒட்டியிருக்குமாம்மா?"

அவர் குரலில் பயம் இருந்தது. இத்தனை நாளில் அவரிடம் நான் கேட்காத பயம். அவர் நம்பிவிட்டார் என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

"ஒட்டியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "எல்லாருக்கும் படம் எடுத்துப் பாக்கணும். நாளைக்கே கூட்டிண்டு வாங்கோ."

இருட்டில் வளையல்கள் அசைந்தன. "கூட்டிட்டு வாரேம்மா" என்றார் பகவதி.